வேலை போனதுபோல் ஒரு மாதம்

என் வீட்டுக்காரருக்கு வேலை போகவில்லை. போய்விட்டதாக வைத்துக்கொண்டு ஒரு மாதம் குடித்தனம் நடத்தினோம். இதைச் சொன்னால் இப்போதும் யாரும் நம்புவதில்லை. அப்போது என் சொந்த அக்காவே நம்பவில்லை.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில் பாதைக்குப் பின்புறம், ஒரு பலகை வீட்டின் பாதியில் குடியிருந்தோம். மறுபாதியில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரும் அவர் மனைவியும். நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும்.

என் வீட்டுக்காரர் டவுனில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிராணி. ரப்பர் தோட்டங்களுக்குப் போகிற கடிதங்களை டைப் அடிக்கிற வேலை. ரப்பர் விலை படுத்துப்போன வருஷங்கள் அவை. தோட்டங்களில் ஆட்களை நிறுத்திக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த உத்தரவுகளையெல்லாம் டைப் அடித்தது இவர்தான். ஆபீசில் ஏற்கெனவே ஒரு முறை சம்பளத்தைக் குறைத்திருந்தார்கள். மாதக் கடைசியில் சிலரை நிறுத்தப்போகிறோம் என்று துரை சொல்லிவிட்டார். யார் யாரை என்று சொல்லவில்லை.

வேறொருவராக இருந்தால் சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார். இவரால் எதற்கும் காத்திருக்க முடியாது. ரயில் வர அரை மணி இருந்தாலும் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோப்பியைப் பாதி குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இந்த மாசம் நமக்குச் சம்பளமே வரலேன்னு வச்சுக்குவோம்," என்றார்.

"ஏன் அப்படி வச்சுக்கணும்? வருதே."

"வராமப் போச்சுன்னா?"

"போனா அப்ப பாத்துக்கலாம்."

"அப்ப பாக்க முடியாது. கையும் ஓடாது காலும் ஓடாது. இப்பவே பாத்துடணும். எது இல்லாம நம்மால இருக்க முடியும்னு தெரிஞ்சிட்டா அந்தப் பயம் போயிடும்."

சொன்னபோது சரியாகத்தான் இருந்தது. அவரே எழுந்துபோய் கோப்பித்தூள் டின்னைத் திறந்து பார்த்தார். "இது தீர்ந்ததும் வாங்க வேணாம்," என்றார். அடுத்து பேப்பரை நிறுத்தினார். டோபியிடம் துணி போடுவதை நிறுத்தினார். ஆபீசுக்கு பஸ்ஸில் போவதை விட்டு நடந்து போவதாகச் சொன்னார். அவர் சாயங்காலம் போய் உட்காருகிற டீக்கடை ஒன்று இருந்தது. அதையும் விட்டுவிடுவதாகச் சொன்னபோது எனக்கே பாவமாக இருந்தது. அங்கே நாலு பேரோடு உட்கார்ந்து உலகத்துச் சண்டையெல்லாம் போட்டுவிட்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

என் பங்குக்கு வெள்ளிக்கிழமைப் பூ, பாசாரில் வாங்குகிற ஆட்டுக்கறி, சமையற்கட்டு விளக்கு எல்லாம் போயின. கடைசியில் அவர், "அப்புறம் கிள்ளானுக்குப் போறது," என்றார்.

கிள்ளானில் என் அக்கா இருந்தாள். அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை நான் ரயிலேறிப் போய்ச் சாயங்காலம் திரும்பி வருவேன். இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே வெளி அதுதான்.

"அது தேவையில்லாத செலவா?"

"வேலை போனவன் பொண்டாட்டி ரயிலேறி ஊர் சுத்தப் போவாளா?"

வேலை போனவன் பெண்டாட்டி முதலில் அக்கா வீட்டுக்குத்தான் போவாள் என்று மத்தியானம் பாத்திரம் தேய்க்கும்போதுதான் தோன்றியது. அதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

இன்னொன்றும் சொன்னார். "இது யார் காதுக்கும் போகக் கூடாது. உங்க அக்காவுக்கும்தான். தெரிஞ்சா எனக்கு வேலை போயிடுச்சுன்னே பேசிடுவாங்க."

முதல் வாரம் விளையாட்டுபோல ஓடியது. கஞ்சித் தண்ணீரில் அவர் சட்டையை முக்கி, காய்ந்ததும் மடித்து, மெத்தைக்கு அடியில் வைத்து நானே படுத்து இஸ்திரி போட்டேன். காலையில் ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் வாடிய இலைபோலவும் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு கோட்டைப் பொத்தான் போட்டு மூடிக்கொண்டு நடந்து போவார். கருவாடும் மரவள்ளிக்கிழங்கும் சாப்பிட்டோம். "பாத்தியா, ஒண்ணும் செத்துப்போகல," என்பார்.

கோப்பித்தூள் தீர்ந்ததும் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. காலையில் எழுந்ததுமுதல் நெற்றிப்பொட்டில் யாரோ விரலால் தட்டிக்கொண்டிருப்பதுபோல. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோப்பி வாசனை வரும். நான் வாசலுக்கு வந்து நிற்பேன். வாசலுக்கும் வரும். வீட்டு வேலை முழுவதையும் விறுவிறுவென்று முடித்துவிட்டு, முடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். சனிக்கிழமை கிள்ளான் ரயில் கூவுகிற நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்துக்குக் கொல்லைப்பக்கம் போய் நிற்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போய் நிற்பேன்.

என் பாடு பகலில்தான். அவர் பாடு சாயங்காலத்தில் வந்து சேர்ந்தது.

டீக்கடை இல்லாததால் ஆபீஸ் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்துவிடுவார். வந்து உட்காருவார். உடனே எழுந்துவிடுவார். வாசலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து வாசல். பலகைத் தரை ஒவ்வொரு அடிக்கும் முனகும். பக்கத்து வீட்டம்மா ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏதாவது காணாமப் போச்சா தங்கச்சி? தேடிக்கிட்டே இருக்கீங்களே," என்று கேட்டாள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி எண்ணெய் போட்டார். பிறகு அது ஓடவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றினார், மழைச் சாரல் அடித்ததும் திரும்ப இழுத்தார். கீரை போடுகிறேன் என்று கொல்லையைக் கொத்தினார். விதை முளைக்கப் பொறுமையில்லாமல் இரண்டு நாள் கழித்து அதே இடத்தை மறுபடி கொத்தினார். பேப்பர் நின்றுபோனதால் கருவாடு மடித்து வந்த காகிதத்தை விளக்கடியில் விரித்து வைத்துப் படித்தார். அது எப்போதோ முடிந்துபோன ஒரு வழக்கு. தீர்ப்பு இருந்த பக்கம் கிழிந்துவிட்டது என்று அன்றைக்கு முழுக்க எரிச்சல்.

ஒரு நாள் அடுப்படியில் என் பின்னால் வந்து நின்று, "கடுகு இவ்வளவு போடணுமா?" என்றார்.

கரண்டியைத் தூக்கி எறிந்தேன். அவர்மேல் எறியவில்லை, சுவர்மேல்தான். அந்தப் பக்கம் பேச்சு சட்டென்று நின்றது. "பின்ன டீக்கடைக்குப் போங்களேன், யார் வேணாம்னா?" என்றேன். "போனா அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" என்று வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் பகலில் பக்கத்து வீட்டம்மா ஒரு கோப்பை கோப்பியோடு வந்தாள். கரண்டிச் சத்தத்துக்கு மருந்துபோல. கை தானாக நீண்டது எனக்கு. வாங்கிக் குடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ஏன் வீட்டில் போடவில்லை என்று கேட்பாள் என்று பயந்து, "வேணாங்க, இப்பல்லாம் வயித்துக்கு ஒத்துக்கல," என்று சொல்லிவிட்டேன்.

"அந்த வாசனையே புடிக்கலையா?"

"ஆமா."

"கிள்ளானுக்கும் போறதில்லையே?"

"அலைச்சல் வேணாம்னு சொல்லிட்டாரு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு மாதிரி சிரித்தாள். "நல்லது. ஒடம்ப பாத்துக்க," என்று என் கையைத் தட்டிவிட்டுப் போனாள். தலைவலியில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அவள் புருஷன் கிள்ளான் லைனில்தான் வேலை. அத்தான் சரக்கு இறக்க ஸ்டேஷனுக்கு வருகிறவர். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. அக்கா இறங்கினாள். ஒரு கையில் பை நிறைய மாங்காய், மறுகையில் காகிதத்தில் சுற்றிய கண்ணாடி வளையல். படியேறும்போதே கண் கலங்கியிருந்தது.

"ஏண்டி, ஊரான் சொல்லியா எனக்குத் தெரியணும்? எத்தனையாவது மாசம்?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது உட்கார்ந்துவிட்டேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"பின்ன கோப்பி வாசனையே ஆகலேன்னியாமே?"

"சும்மா சொன்னேன்."

அவள் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஏமாற்றத்தை மறைக்கத் திரும்பிக்கொண்டாள். திரும்பியவள் அடுப்படியைப் பார்த்தாள். கோப்பி டின்னைத் தூக்கினாள், லேசாக இருந்தது. சர்க்கரை டின், பருப்பு டின், ஒவ்வொன்றாகத் திறந்து அடியைப் பார்த்தாள். நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இது என்னடி குடித்தனம்?"

அவர் சொல்லக் கூடாதென்று சொன்னதை அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வேலை இருக்கிறது, போனால் எப்படி இருக்கும் என்று பார்க்கிறோம் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்கிறதென்று என் காதுக்கே கேட்டது.

அக்கா என் மோவாயைப் பிடித்துக்கொண்டாள். "வேலை போனத இப்படியும் சொல்லலாம்னு எனக்குத் தெரியாதுடி. என்கிட்ட என்ன மறைப்பு?"

"சத்தியமா வேலை இருக்குக்கா."

சரியாக அந்த நேரத்தில்தான் அவர் வந்தார். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். தினமும் நடந்து நடந்து சப்பாத்தின் அடித்தோல் வழியில் கழன்றுவிட்டிருக்கிறது. ஒரு காலில் சப்பாத்தும் ஒரு கையில் சப்பாத்துமாக, வேர்த்து வழிய, பாதி விறைத்த சட்டையோடு வந்து நின்றார். அக்கா அவரைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அண்ணி, எனக்கு வேலை இருக்கு," என்றார் அவர்.

"இருக்கட்டும் தம்பி, இருக்கட்டும். உக்காருங்க," என்றாள் அக்கா, நோயாளியிடம் பேசுவதுபோல.

சாயங்கால ரயிலுக்கு அவள் போன பிறகு வீட்டில் மாங்காய் மட்டும் மிச்சம். அவர் ஒன்றை எடுத்து நறுக்கி உப்புத் தொட்டுக்கொண்டார். "இது நாம வாங்கினதில்ல, திங்கலாம்," என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எதற்காக வந்த மாங்காய் என்று அவருக்கு நான் அதுவரை சொல்லவில்லை. சொன்னேன். மெல்லுவதை நிறுத்தினார். பிறகு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். அந்த மாதத்தில் அவர் எழுந்து நடக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையிலேயே அத்தான் ஒரு மூட்டை அரிசியோடு வந்து இறங்கினார். அதிகம் பேசாதவர். மூட்டையை மூலையில் சாய்த்துவிட்டு, தோளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கடைக்கு ஒரு ஆள் வேணும் தம்பி. லோரில தோட்டம் தோட்டமா போய் சாமான் போட்டுட்டு வரணும். படிச்ச ஆளா இருந்தா நல்லது."

"அண்ணே, எனக்கு வேலை இருக்கு. நாளைக்கு என்கூட ஆபீசுக்கு வந்து பாருங்க."

"நான் இல்லேன்னா சொன்னேன்? ஆள் வேணும்னு சொன்னேன்."

"அரிசிய எடுத்துட்டுப் போங்க."

"தூக்கிட்டு வந்ததே இடுப்பு விட்டுப்போச்சு," என்று அத்தான் எழுந்து போய்விட்டார்.

அந்த மூட்டையை அவர் பிரிக்க விடவில்லை. பிரித்தால் வேலை போனது உண்மையாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் மரவள்ளிக்கிழங்கை அவித்துக்கொண்டு அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எலி ஒரு மூலையைக் கடித்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு இருவருக்கும் எதற்கெடுத்தாலும் சண்டை. ஜன்னலைத் திறந்தால் சண்டை, மூடினால் சண்டை. மாதக் கடைசி வரட்டும், எப்படியாவது வந்து தொலையட்டும் என்று இருந்தது.

வந்தது. அன்று அவர் நடந்து வருகிற சத்தத்தை வைத்தே என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று வாசலிலேயே நின்றேன். கண்டுபிடிக்க முடியவில்லை. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

"என் பேர் இல்ல," என்றார்.

ஓடிப்போய் பக்கத்து வீட்டில் கோப்பித்தூள் வாங்கி வந்தேன். வாங்கும்போது அந்தம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "நீங்க நினைச்சது இல்லீங்க," என்று சொல்லிவிட்டேன். அவள் இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டாள். வந்து கோப்பி போட்டேன். முதல் வாய் குடித்ததும் எனக்கு உடம்பே தளர்ந்தது. அவர் இரண்டு வாய் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். வாசலுக்குப் போனார். அடுப்படிக்கு வந்தார்.

"எதுத்த மேசைக்காரரை நிறுத்திட்டாங்க. நாலு புள்ளைங்க அவருக்கு. துரை பேரைச் சொன்னதும் அவர் பேனாவ மூடி வச்சாரு பாரு, அவ்வளவுதான்."

"பாவந்தான். நீங்க உக்காந்து குடிங்க."

"அடுத்த மாசமும் நிறுத்தப்போறாங்களாம்."

அடுத்த வாரம் பஸ்ஸில் போனார். டோபி வந்தான். பேப்பர் வந்தது. டீக்கடைக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். "அங்க உக்கார முடியல. எல்லாரும் அதையேதான் பேசறாங்க," என்றார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, அவரைத் தவிர. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. கோப்பி குடிக்கிற சந்தோஷத்தில் இருந்தேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் வந்து கோட்டைக் கழற்றாமலே சொன்னார்: "வேலைய விட்டுட்டேன்."

"என்ன?"

"துரைகிட்ட எழுதிக் குடுத்துட்டேன். கிள்ளானுக்குப் போறோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு வார்த்தையில்லை. "வேலை போயிடுமோன்னு பயந்துதானே ஒரு மாசம் என்னைக் கிழங்கு திங்க வச்சீங்க? போகாத வேலையப் போய் நீங்களே விட்டுட்டு வந்திருக்கீங்களே!"

"அந்த ஒரு மாசம் இருந்துட்டோம்ல? போனா எப்படி இருக்கும்னு பாத்தாச்சு. இனி மாசாமாசம் அந்த நாற்காலியில உக்காந்துகிட்டு, இன்னிக்கு நானா நாளைக்கு நானான்னு காதத் தீட்டிக்கிட்டு இருக்க என்னால ஆகாது."

"என்னைக் கேட்டீங்களா?"

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அந்த ஒன்றுக்கு அவரிடம் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை.

சாமான் கட்டி முடிக்கும்வரை நான் அவரோடு பேசவில்லை. அரிசி மூட்டையை மட்டும் நானே பிரித்து, எலி கடித்தது போக மிச்சத்தைப் பக்கத்து வீட்டம்மாவுக்குப் பாதி கொடுத்துவிட்டு வந்தேன்.

கிள்ளானில் அத்தான் கடைக்குப் பின்னால் ஒரு அறையில் குடியேறினோம். அவர் விடியலில் லோரியில் ஏறிப் போய்விடுவார். அரிசி, மண்ணெண்ணெய், புகையிலை, துணி, எல்லாம் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் சாயங்காலம் தலைமுதல் கால்வரை செம்மண்ணாக வந்து இறங்குவார். சாப்பிட்டதும் தூங்கிவிடுவார். நடுவில் எழுந்து நடப்பதெல்லாம் நின்றுபோனது. கோட்டுப் போட்டு மேசைமுன் உட்காரப் பிறந்தவர் இல்லை அவர் என்று அங்கே வந்துதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு அது முன்பே தெரியுமா என்று கேட்டதில்லை.

வியாபாரம் அப்படியொன்றும் நடக்கவில்லை. தோட்டங்களில் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். சில நாள் ஏற்றிய சரக்கு அப்படியே திரும்பி வரும். பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்ததைவிடக் கையை இறுக்கித்தான் பிடித்தோம், இந்த முறை நிஜமாகவே. அந்தக் கம்பெனியோ மூடப்படவில்லை. இவர் நாற்காலிக்கு வந்தவர் ரப்பர் விலை நிமிர்ந்த பிறகு பெரிய கிராணியாகி, சொந்தமாக வீடு கட்டினார் என்று கேள்விப்பட்டேன். ஒரு தடவை சோறு போடும்போது அதைச் சொன்னேன். "கட்டட்டும். நல்ல மனுசன்," என்றார். ரசம் கேட்டார்.

எனக்குத்தான் நிலைகொள்ள நாளாயிற்று. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை பார்த்த அக்கா வேறு, ஒரே குழாயடியில் தினமும் பார்க்கிற அக்கா வேறு. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். வாளிக்கும் கொடிக்கயிற்றுக்கும் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. அத்தான் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டாமல் இருக்கக் கடையை முன்னதாகத் திறந்து, பின்னதாகப் பூட்டினார்.

எனக்குக் கோபம் முழுசாக ஆறவில்லை என்று அவருக்குத் தெரியும். ஒரு நாள் லோரியில் இடம் இருக்கிறது, வா என்றார். வீட்டில் வேலை கிடக்கிறது என்றேன். "கிடக்கட்டும்," என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவருக்கும் அவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தேன். ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மரம். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி வரிசை, ஓடிக்கொண்டே இருந்தது. குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் தலை கூரையில் இடித்தது. முன்னால் ஒரு பாலம் பாதி சரிந்து கிடந்தது. டிரைவர் நிறுத்தி, "போகலாமா அண்ணே?" என்று கேட்டான்.

அவர் வாயைத் திறந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "போகலாமா?" என்றார்.

இறங்கிப் போய்ப் பாலத்தை நானே பார்த்தேன். பலகை தாங்கும்போலத்தான் இருந்தது. திரும்பி வந்து ஏறி, "மெதுவா போங்க," என்றேன்.